சண்டை விளையாட்டுக்கு எந்தக் கன்ட்ரோலர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சண்டை வீடியோ கேம்களுக்கு எந்தக் கன்ட்ரோலரை வாங்குவது என்று கேட்டு வந்த கடிதங்கள் மேசையில் சேர்ந்துகொண்டே போனதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கடிதங்களைச் சுருக்கி வெளியிடுகிறேன். கீழே ‘முன்’, ‘பின்’ என்று நான் எழுதும் இடங்களில், உங்கள் பாத்திரம் வலப்பக்கம் பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 5-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆடுகிறேன். கென் என்ற பாத்திரத்தை வைத்து ஆடும்போது ஹடோக்கென் என்ற நெருப்புப் பந்துத் தாக்குதல் எளிதாக வருகிறது. ஷோர்யுக்கென் என்ற எகிறிக் குத்தும் தாக்குதல் மட்டும் பாதி நேரம் வருவதில்லை. எதிராளியைத் தாண்டிப் பக்கம் மாறிவிட்டால் சுத்தமாக வருவதில்லை. ஆர்கேட் ஸ்டிக் வாங்கினால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

சண்டை விளையாட்டில் கன்ட்ரோலரைப் பற்றிய கேள்வி முக்கால்வாசியும் இடது கையைப் பற்றிய கேள்விதான். வலது கை செய்யும் வேலை எல்லாக் கன்ட்ரோலரிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: குத்து, உதை, சில நேரம் இரண்டும் சேர்த்து. திசை கொடுக்கும் இடது கைதான் ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் வேறுவேறு விதமாக உழைக்கிறது. இரு கைகளிலும் பிடித்து ஆடும் சாதாரணக் கன்ட்ரோலரான பேடில் கட்டைவிரல் ஒன்றே எல்லாத் திசைகளையும் சுமக்கிறது; வீடியோ கேம் கடை இயந்திரங்களில் இருப்பது போன்ற லீவரும் பொத்தான்களும் பதித்த பெட்டியான ஆர்கேட் ஸ்டிக்கில் மணிக்கட்டும் விரல்களும் சேர்ந்து லீவரை அசைக்கின்றன; லீவர் இல்லாத பொத்தான் பலகையிலோ ஒவ்வொரு திசைக்கும் ஒரு விரல் தனியாக நிற்கிறது. எனவே எதை வாங்குவது என்று யோசிக்கும் முன், உங்கள் இடது கை எங்கே தடுமாறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு விளையாட்டுக்குள்ளேயே வழி இருக்கிறது. பயிற்சி அரங்கில், நீங்கள் அழுத்திய திசைகளைத் திரையோரம் வரிசையாகக் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ஒவ்வொரு அம்புக்குறியின் பக்கத்திலும், அந்தத் திசையில் எத்தனை ஃபிரேம் இருந்தீர்கள் என்ற எண்ணும் தெரியும். ஃபிரேம் என்பது திரையில் அடுத்தடுத்து மாறும் படங்களில் ஒன்று; ஒரு விநாடிக்கு 60 ஃபிரேம் என்பதால் ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லி விநாடி. ஷோர்யுக்கெனுக்கு வேண்டியது முன், கீழ், பிறகு முன்னுக்கும் கீழுக்கும் இடைப்பட்ட மூலை. இதை வலப்பக்கம் பார்த்துப் பத்து முறை, இடப்பக்கம் பார்த்துப் பத்து முறை நிதானமாகச் செய்து, தவறிய ஒவ்வொரு முறையும் திரையில் என்ன விழுந்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள். உங்களைப் போல் எழுதும் பெரும்பாலோருக்கு நடப்பது இரண்டில் ஒன்று: கட்டைவிரல் ‘முன்’னிலிருந்து ‘கீழ்’ வரை இறங்காமல் மூலையோடு நின்று திரும்பிவிடுகிறது, அல்லது கீழே சரியாக இறங்கியும், மூலைக்கு ஏறி வருவதற்குள் வலது கை அவசரப்பட்டுக் குத்துப் பொத்தானை அழுத்திவிடுகிறது. இரண்டாவதுதான் காரணம் என்றால் எந்த ஆர்கேட் ஸ்டிக்கும் உங்களுக்கு உதவாது. ஒரு வாரம் மெதுவாகப் பழகினால் போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். பிளேஸ்டேஷன் 5-உடன் வரும் டுவல்சென்ஸ் பேடில் மேலே சிலுவை வடிவில் திசைப் பொத்தான், கீழே உருண்டையான அனலாக் குச்சி என இரண்டும் இருக்கின்றன. ஓடும், கார் ஓட்டும் விளையாட்டுகளில் பழகியவர்கள் தம்மை அறியாமலே அனலாக் குச்சியில் விரலை வைத்துவிடுகிறார்கள். அதன் ஓட்டம் முழு வட்டம் என்பதால் மூலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது விரலுக்குத் தெரிவதே இல்லை. அதில் நன்றாக ஆடுபவர்களும் உண்டு. ஆனால் புதிதாகப் பழகுபவருக்குச் சிலுவைப் பொத்தான்தான் நல்லது.

பேடைக் குறைவாக எண்ண வேண்டாம். 2014-இல் அமெரிக்காவில் நடக்கும் பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியான ஈவோவில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்ற பிரான்ஸ் வீரர் லஃபி, முதல் பிளேஸ்டேஷனுடன் வந்த பழைய பேடை ஒரு கன்வெர்ட்டர் மூலம் இணைத்துத்தான் ஆடினார். ஆர்கேட் ஸ்டிக்குகள் நிறைந்த மேடையில், அனலாக் குச்சிகூட இல்லாத ஒரு பேட். அவர் கட்டைவிரல் அதற்குப் பல ஆண்டுகளாகப் பழகியிருந்தது.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் ‘லீவர்லெஸ்’ கன்ட்ரோலர் வேண்டும் என்கிறான். சாதாரணக் கன்ட்ரோலரைப் போல் மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். பார்த்தால் வெறும் பொத்தான்கள் பதித்த பலகை. இதில் என்ன இருக்கிறது? இதை வைத்து ஆடுவது மோசடி என்றும் சிலர் சொல்கிறார்களே?
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: மோசடி இல்லை. அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தப் பலகை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்.

இடது கையின் மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் ஆகிய மூன்றின் அடியில் முறையே இடம், கீழ், வலம் என்ற மூன்று பொத்தான்கள் இருக்கும். ‘மேல்’ மட்டும் அடியில், கட்டைவிரலுக்கு எட்டும்படி, மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும். பாத்திரம் குதிப்பது அதில்தான். வலது கைக்கு வழக்கம்போல் எட்டுப் பொத்தான்கள். லீவரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோக அது நடுப்புள்ளியைக் கடந்தாக வேண்டும். பொத்தானில் அந்தப் பயணமே இல்லை. ஒரு விரலை எடுத்து, இன்னொரு விரலை வைத்தால் முடிந்தது. பின்பக்கம் அழுத்திப் பிடித்திருந்து சட்டென முன்னால் தட்ட வேண்டிய கைல் போன்ற பாத்திரங்களுக்கு இது எவ்வளவு வசதி என்பதை உங்கள் மகன் உடனே காட்டிவிடுவான்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுந்தது. லீவரை ஒரே நேரத்தில் இடமும் வலமுமாகத் தள்ள முடியாது. பொத்தானில் இரண்டையும் சேர்த்து அழுத்த முடியும். அப்போது விளையாட்டுக்கு எந்தத் திசை போக வேண்டும்? கடைசியாக அழுத்தியது வெல்லலாம், முதலில் அழுத்தியது வெல்லலாம், அல்லது இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்து, எதுவுமே அழுத்தாத நிலை ஆகலாம். முதல் இரண்டு வழிகளில், லீவரில் செய்யவே முடியாத சில காரியங்களைச் செய்ய இடம் கிடைக்கிறது என்பதுதான் குறை சொன்னவர்களின் வாதம். 2019-இல் ஜப்பானின் புகழ்பெற்ற வீரர் டைகோ உமெஹாரா இந்த வகைப் பலகைக்கு மாறியபோது அவர் பயன்படுத்திய அமைப்பு, ஸ்ட்ரீட் ஃபைட்டரை உருவாக்கிய கேப்காம் நிறுவனத்தின் போட்டி விதிகளுக்குள் அடங்குமா என்று பெரிய விவாதமே நடந்து, அந்த அமைப்புக்கு அனுமதி இல்லை என்று முடிவானது. அதன் பிறகு விதிகள் தெளிவாகிவிட்டன: கேப்காம் நடத்தும் போட்டிகளில் எதிரெதிர்த் திசைகளை ஒன்றாக அழுத்தினால் இரண்டும் ரத்தாக வேண்டும். அப்படி அமைத்த பலகையை யாரும் தடுப்பதில்லை. இன்று உலகின் முன்னணி வீரர்களில் பலர் இதில்தான் ஆடுகிறார்கள்.

அந்த ரத்து விதியையே பயன்படுத்தி ஷோர்யுக்கென் போடும் முறையைப் பாருங்கள். எனக்கு இந்தப் பலகையின் மேல் மதிப்பு வந்தது இதைப் பார்த்துத்தான். ஆள்காட்டி விரலால் ‘வலம்’ பொத்தானை அழுத்துங்கள்; எடுக்கவே வேண்டாம். நடுவிரலால் ‘கீழ்’ பொத்தானையும் சேருங்கள். இப்போது முன்-கீழ் மூலை. இரண்டையும் பிடித்தபடியே மோதிர விரலால் ‘இடம்’ பொத்தானைத் தட்டுங்கள். இடமும் வலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மிஞ்சுவது கீழ் மட்டும். மோதிர விரலை எடுத்தால் மீண்டும் மூலை. முன், மூலை, கீழ், மூலை. முழு அசைவும் மூன்று விரல்களின் ஓர் உருட்டலில் முடிந்துவிடுகிறது. தபலாவில் விரல் உருட்டுபவர்களைப் பார்த்திருந்தால் அந்தக் கை எப்படி இருக்கும் என்று உங்களுக்குப் புரியும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பலகைக்குள் விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு சர்க்யூட் பலகையும், அதில் ஏற்றுவதற்கென்றே ஆர்வலர்கள் இலவசமாக எழுதிப் பராமரிக்கும் ‘ஜிபி2040-சிஇ’ என்ற மென்பொருளும், கீபோர்டு சுவிட்சுகளும் இருந்தால் கணினியில் ஆடுவதற்கான ஒன்றைக் கைவேலை தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்துவிடலாம். உங்கள் மகன் கணினியில் ஆடுபவன் என்றால், பள்ளி விடுமுறையில் இருவருமாக ஒன்றைச் செய்து பார்க்கலாமே. பிளேஸ்டேஷன் 5-இல் ஆடுபவன் என்றால் இது நேராக வேலை செய்யாது. கீழே யாழ்ப்பாண வாசகருக்கு எழுதியிருப்பதைப் படியுங்கள். இரண்டில் எதுவானாலும், பணம் செலவழிக்கும் முன் இரண்டு வாரம் கீபோர்டில் ஆடச் சொல்லுங்கள். அடிப்படையில் இரண்டும் ஒரே முறைதான். அது பிடிக்காதவனுக்குப் பலகையும் பிடிக்காது.

கேள்வி: எனக்கு வயது 46. தொண்ணூறுகளில் வீடியோ கேம் கடையில் லீவரைப் பிடித்து ஆடியவன். இப்போது வீட்டில் மீண்டும் ஆட ஆசை. பேட் கைக்கு வரவே இல்லை. இந்த வயதில் ஆர்கேட் ஸ்டிக் வாங்குவது வீண் செலவா? வாங்கினால் எப்படிப்பட்டது?
– தனியார் நிறுவன ஊழியர், சென்னை

பதில்: வாங்குங்கள். தயங்காமல் ‘வாங்குங்கள்’ என்று இந்த இதழில் நான் சொல்லும் ஒரே பதில் இது.

வயதைப் பற்றி முதலில். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கத்துக்குரிய பிரிவாக இருந்தது. இந்தியாவிலிருந்தும் இருவர் ஆடினார்கள். தங்கம் வென்ற தென் கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. நீங்கள் பதக்கத்துக்கு ஆடப் போவதில்லை; மாலையில் ஒரு மணி நேரம் ஆடப் போகிறீர்கள். உங்கள் மணிக்கட்டில் லீவரின் பழக்கம் இன்னும் இருக்கிறது. ‘முஸ்தபா’ என்று நம் ஊர்க் கடைகளில் அழைக்கப்பட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸை ஆடியவர்களிடம் இன்று ஒரு லீவரைக் கொடுத்துப் பாருங்கள். கை தானாகவே அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டுக் கட்டைவிரலுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பதுதான் உங்களுக்கு வீண் செலவு.

எப்படிப்பட்டது என்று பார்க்கும்போது, பெட்டியின் மேல் உள்ள படத்தையும் விளக்குகளையும் விட்டுவிட்டு மூன்றை மட்டும் கவனியுங்கள்: லீவர், பொத்தான், எடை.

லீவரில் இரண்டு மரபுகள் உண்டு. ஜப்பானிய லீவரில் உச்சியில் உருண்டை இருக்கும். உள்ளே ஸ்பிரிங் இருக்கும். அடியில் லீவரின் ஓட்டத்தை நிறுத்தும் சட்டம் பெரும்பாலும் சதுரமாக இருக்கும். சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் என்ற லீவர்தான் இதில் பரவலானது. கொரிய லீவரில் உச்சி உருண்டையாக இல்லாமல் நீண்டு இருக்கும். ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் வளையம். சதுரச் சட்டம் இல்லை. தள்ளிவிட்டால் ரப்பர் அதை விறைப்பாக நடுவுக்கு இழுத்துவிடும். டெக்கன் என்ற இன்னொரு சண்டை விளையாட்டில் பின்வாங்கிப் பின்வாங்கி ஓடும் ‘கொரிய பேக்டேஷ்’ அசைவுக்கு அந்த விறைப்பு மிகவும் உதவும். தென் கொரியாவின் பே ஜே-மின் போன்ற டெக்கன் வீரர்கள் நெடுங்காலம் இந்த வகை லீவரில் ஆடி வந்தவர்கள். நீங்கள் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடுவதாக இருந்தால் ஜப்பானிய லீவர், டெக்கன் மட்டுமே ஆடுவதாக இருந்தால் கொரிய லீவர் என்பது என் கருத்து. இரண்டையும் ஆடுபவர் ஜப்பானிய லீவரோடு தொடங்கலாம்.

சதுரச் சட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். என் பழைய ஸ்டிக்கின் அடித்தகட்டை முதல்முறை கழற்றியபோது அது எனக்குப் புரிந்தது. உள்ளே நாற்புறமும் நான்கு சிறிய மைக்ரோ சுவிட்சுகள்; அவ்வளவுதான். லீவரை நேராக முன்னால் தள்ளினால் ஒரு ‘டிக்’. மெதுவாக மூலைக்குக் கொண்டுபோனால் முதல் டிக்கை அடுத்து இன்னொரு டிக். மூலை என்பது தனித் திசை அல்ல, இரண்டு சுவிட்சுகள் ஒன்றாக அழுந்தும் இடம் என்பதைக் காதே சொல்லிவிடுகிறது. சதுரத்தின் மூலையில் லீவர் போய் உட்கார்ந்துகொள்வதால், குனிந்தபடி தடுக்கும்போது கை நழுவுவதே இல்லை. ஆனால் லீவரைச் சட்டத்தின் சுவர்மேல் ஓங்கி உரசிச் சுழற்றும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். சுவிட்ச் விழுவது சுவரைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. சதுரம் ஒத்துவரவே இல்லை என்றால் அந்தப் பிளாஸ்டிக் சட்டத்தை மட்டும் கழற்றி எண்கோணச் சட்டத்தை மாட்டிக்கொள்ளலாம்.

பொத்தான்களில் 30 மில்லி மீட்டர் அளவுள்ளவையே வழக்கம். கழற்றி மாட்டக் கூடிய பொத்தானா, சர்க்யூட் பலகையில் நேராகப் பற்றவைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். கழற்றக் கூடியதாக இருந்தால், ஒரு பொத்தான் பழுதானாலும் அதை மட்டும் மாற்றிக்கொண்டு பத்து ஆண்டுகள் ஓட்டலாம். கடைசியாக எடை: மடியில் வைத்து ஆடும்போது லேசான பெட்டி கையோடு சேர்ந்து ஆடும். சுமக்கும்போது சலிப்பாக இருக்கும் கனமான பெட்டிதான் ஆடும்போது அசையாமல் இருக்கும்.

கேள்வி: கணினியில் கீபோர்டை வைத்தே டெக்கன் 8 ஆடுகிறேன். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். கன்ட்ரோலர் கட்டாயமா?
– திருச்சிராப்பள்ளி வாசகர்

பதில்: கட்டாயம் இல்லை. மேலே சொன்ன லீவர் இல்லாத பலகைக்கும் கீபோர்டுக்கும் அடிப்படை ஒன்றே. குதிப்பதை ‘டபிள்யூ’ விசையிலிருந்து நீளமான ஸ்பேஸ் பாருக்கு மாற்றிக்கொண்டால் அந்தப் பலகையின் அமைப்பே உங்கள் கைக்கு வந்துவிடும்.

சோதிக்க வேண்டியது ஒன்று உண்டு. விலை குறைந்த ரப்பர் சவ்வுக் கீபோர்டுகள் பலவற்றில், சில விசைகளை மூன்று நான்காகச் சேர்த்து அழுத்தும்போது அவற்றுள் ஒன்று பதிவாகாமல் போய்விடும். டெக்கனில் இரண்டு கை, இரண்டு கால் என்று நான்கு தாக்குதல் பொத்தான்கள். மூலைத் திசையோடு இரண்டு தாக்குதல்களைச் சேர்த்தால் ஒரே நேரத்தில் நான்கு விசைகள் ஆகிவிடும். நீங்கள் வழக்கமாகச் சேர்த்து அழுத்தும் கூட்டுகளைப் பயிற்சி அரங்கில் ஒவ்வொன்றாக அழுத்தி, எல்லாம் திரையில் விழுகிறதா என்று பாருங்கள். விழாத கூட்டு இருந்தால் விசைகளை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

எதிரெதிர் விசைகளில் கடைசியாக அழுத்தியதை வெல்ல வைக்கும் வசதியோடு இப்போது விலை உயர்ந்த கீபோர்டுகள் வருகின்றன. 2024 ஆகஸ்டில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் அதிகாரபூர்வ சர்வர்களில் அந்த வசதிக்குத் தடை வந்தது. போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதை அணைத்துவிட்டே பழகுங்கள். இல்லாவிட்டால் போட்டி நாளில் உங்கள் கை வேறு கீபோர்டில் ஆடுவது போல் தவிக்கும்.

கேள்வி: புளூடூத்தா, கம்பியா?
– பினாங்கு வாசகர், மலேசியா

பதில்: கம்பி. வீட்டில் ஆடும்போது இன்றைய நல்ல வயர்லெஸ் பேடுகளின் தாமதம் பலருக்குத் தெரிவதே இல்லை என்பது உண்மை. ஆனால் போட்டிக் கூடத்தில் நிலைமை வேறு. ஒருவர் தன் வயர்லெஸ் பேடை அந்த இயந்திரத்தோடு இணைத்து ஆடிவிட்டு, இணைப்பை நீக்காமல் எழுந்து போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டம் நடக்கும்போது அவர் பையில் இருக்கும் பேடின் பொத்தான் ஒன்று தவறுதலாக அழுந்தினால், அது மீண்டும் இணைந்து நடுவில் ஆட்டத்தையே நிறுத்திவிடும். இதனால்தான் போட்டிகளில் கம்பியில் ஆடச் சொல்வதோடு, எழுந்து போகும் முன் இணைப்பைத் துண்டிக்கவும் சொல்கிறார்கள். மூன்று மீட்டர் நீளமுள்ள ஒரு யுஎஸ்பி கம்பியைப் பையில் எப்போதும் வைத்திருங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் பிளேஸ்டேஷன் 4-க்கான ஆர்கேட் ஸ்டிக் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். என்னிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 5. வேலை செய்யுமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆடுபவராக இருந்தால் கவலை இல்லை, அதன் பிளேஸ்டேஷன் 5 பதிப்பு பழைய ஸ்டிக்குகளை ஏற்றுக்கொள்கிறது. மற்ற விளையாட்டுகளில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4-உடன் வந்த டுவல்ஷாக் 4 பேடோ பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளில் வேலை செய்யாது. அந்த இயந்திரத்தில் பழைய பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளை ஆட மட்டுமே உதவும்.

பேட், ஸ்டிக், பலகை என எதையாவது வாங்கும் எல்லா வாசகர்களுக்குமாக இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். கன்ட்ரோலரை இயந்திரத்தில் செருகியதும் இரண்டும் தமக்குள் அடையாளம் சரிபார்த்துக்கொள்கின்றன. உரிமம் பெற்ற கன்ட்ரோலரிடம் அதற்கான சாவி இருக்கிறது. உரிமம் பெறாதவற்றிடம் இல்லை. கணினி இதையெல்லாம் கேட்பதில்லை. பெரும்பாலும் எதைச் செருகினாலும் ஏற்றுக்கொள்ளும். எக்ஸ்பாக்ஸும் பிளேஸ்டேஷனும் தத்தம் உரிமம் பெற்றவற்றையே ஏற்கும். ஒன்றுக்கானது மற்றொன்றில் ஓடாது. பிக்கோவைக் கொண்டு செய்த எளிய பலகை பிளேஸ்டேஷன் 4-இல் ஓடத் தொடங்கினாலும், சாவி இல்லாததால் சுமார் 8 நிமிடத்தில் இணைப்பு அறுந்துபோகும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் புரூக் போன்ற நிறுவனங்களின் கன்வெர்ட்டர்கள் விற்கப்படுகின்றன.

நான் ஒருமுறை இதில் ஏமாந்திருக்கிறேன். ‘எல்லா இயந்திரங்களுக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருந்ததை நம்பி, இணையக் கடை ஒன்றில் ஒரு பலகையை வாங்கினேன். பிளேஸ்டேஷன் 5-இல் செருகியதும் விளக்கு எரிந்தது. விளையாட்டைத் திறந்ததும் ஒரு பொத்தானும் வேலை செய்யவில்லை. கேட்டபோது, ‘பிளேஸ்டேஷன் 5-இல் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளுக்கு மட்டும்’ என்று பெட்டியின் அடியில் சிறு எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். ஆகவே வாங்கும்போது ‘பொருந்துமா’ என்று கேட்காமல், ‘இந்த இயந்திரத்தில் இந்த விளையாட்டு ஓடுமா’ என்று இரண்டின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரம் ஆடினாலே இடது கட்டைவிரல் வலிக்கிறது, தோலும் கொப்பளித்துவிட்டது. பேடை மாற்ற வேண்டுமா?
– சேலம் வாசகர்

பதில்: கொப்பளம் ஆறும்வரை ஆட வேண்டாம். புதியவர்கள் பொத்தானைத் தேவைக்குப் பல மடங்கு பலத்தோடு அழுத்துகிறார்கள். திசை பதிவாக அவ்வளவு பலம் தேவையே இல்லை. ஹடோக்கென் போன்றவற்றுக்கு வேண்டிய கால்பங்கு வட்ட அசைவுகளுக்கு விரலின் தோலைச் சிலுவைப் பொத்தானின்மேல் இழுத்துத் தேய்க்காமல், விரல் நுனியை மையத்தில் ஊன்றி அசைத்துப் பழகுங்கள். அப்படிப் பழகியும் மூட்டிலோ மணிக்கட்டிலோ வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்; விளையாட்டுதானே என்று தள்ளிப்போட வேண்டாம். வலி கட்டைவிரலில் மட்டும் என்றால், அந்த வேலையை மூன்று விரல்களுக்குப் பகிர்ந்து தரும் லீவர் இல்லாத பலகை உங்களுக்கு ஏற்றது. மணிக்கட்டில் வலி உள்ளவர் லீவருக்கு மாறினால் வலி கூடவும் கூடும் என்பதால், இரவல் வாங்கிச் சில நாள் ஆடிப் பார்க்காமல் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. அண்ணனோடு சேர்ந்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆட ஆசைப்படுகிறாள். கை சிறியது, மேல் ஓரத்தில் இருக்கும் பொத்தான்கள் அவள் விரலுக்கு எட்டவில்லை. அழுதுவிடுகிறாள். என்ன வாங்கித் தரலாம்?
– ஒரு தாய், புதுச்சேரி

பதில்: ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு தாக்குதல் பொத்தான்கள் வேண்டும்: குத்தில் மென்மை, நடுத்தரம், பலம் என மூன்று, உதையில் அதே மூன்று. 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்த காலத்திலிருந்து இந்த ஆறும் மாறவில்லை. சாதாரணப் பேடின் முகப்பில் நான்குதான் இருப்பதால், பலமான குத்தும் பலமான உதையும் மேல் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. உங்கள் மகளுக்கு எட்டாதவை அவைதான்.

செலவில்லாத வழியை முதலில் சொல்கிறேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ‘மாடர்ன்’ என்ற ஆட்டமுறை இருக்கிறது. அதில் மென்மை, நடுத்தரம், பலம் என்ற மூன்றும், சிறப்புத் தாக்குதலுக்கு ஒன்றும் முகப்பிலேயே அமைந்துவிடுகின்றன. ஷோர்யுக்கெனுக்கு ‘முன்’ திசையோடு சிறப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். அந்தக் குறுக்குவழியில் போடும் சிறப்புத் தாக்குதலின் பலம் 20 சதவீதம் குறையும் என்பதால் அண்ணனும் அநியாயம் என்று புகார் சொல்ல முடியாது. இன்றே அமைப்புப் பக்கத்தில் போய் மாற்றிக் கொடுங்கள்.

சில மாதங்கள் கழித்து, அண்ணனைப் போலவே, ஆறு பொத்தான்களும் தேவைப்படும் ‘கிளாசிக்’ முறையில் ஆட வேண்டும் என்று அவளே கேட்டால், முகப்பிலேயே ஆறு பொத்தான்களும் இரண்டு வரிசையாக உள்ள பேடை வாங்கித் தாருங்கள். சண்டை விளையாட்டுக்கென்றே செய்யப்படும் இவை, சேகா நிறுவனத்தின் பழைய ஆறு பொத்தான் பேடுகளின் வழிவந்தவை. ஆர்கேட் ஸ்டிக்கைவிட விலையும் குறைவு. கடைக்கு அவளையும் அழைத்துப் போங்கள். பேடை அவள் கையில் கொடுத்து, இடது கட்டைவிரலைச் சிலுவைப் பொத்தானின் நடுவில் ஊன்றச் சொல்லுங்கள். அங்கிருந்து நான்கு மூலைகளுக்கும் கட்டைவிரலின் அடிப்பகுதி தூக்காமல் எட்ட வேண்டும். வலது கட்டைவிரல் ஆறு பொத்தான்களையும் பிடியை மாற்றாமல் தொட வேண்டும். எட்டவில்லை என்றால் அந்தப் பேடை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இன்னும் ஓர் ஆண்டு மாடர்ன் முறையிலேயே அண்ணனோடு ஆடட்டும்.